மாப்பிள்ளை குரலுக்கு நான் ஏற்றிய வேகம்

செப்டம்பர் 8, திங்கள்

விதைக் கடையில் வருஷப் பிறப்புக்குக் கொடுத்த டைரி. இத்தனை மாதம் ஒரு வரிகூட எழுதாமல் வைத்திருந்தேன். சில்லறை விஷயங்களை எழுதி நல்ல காகிதத்தைக் கெடுக்கக் கூடாது என்பது என் கொள்கை. இன்றைக்குத்தான் தகுதியான காரியம் ஒன்று வந்து வாசலில் நின்றது.

காலையில் தாரணி கோயம்புத்தூரிலிருந்து போன் செய்தாள். என் தங்கை பேச்சியின் மகள். அங்கே ஒரு கம்பெனியில் வேலை. "மாமா, இத நீங்கதான் செஞ்சு தரணும். வேற ஆளே இல்ல" என்றாள். வேறு ஆள் கிடையாது என்று படித்த பெண்ணே ஒப்புக்கொண்டுவிட்டது. கம்பம் பள்ளத்தாக்கில் கம்ப்யூட்டர் என்றால் வாசிமலை. கத்தாரில் நான் இருந்தது ஏழு மாடிக் கட்டடம். அதில் ஒரு கம்ப்யூட்டர்கூட காலையில் என் கை படாமல் ஆன் ஆனது இல்லை. நான் எட்டாம் வகுப்போடு நின்றவன் என்று சொன்னதற்கு அங்கிருந்த வெள்ளைக்கார மேனேஜர் கடைசிவரை நம்பவில்லை.

விஷயம் இதுதான். பேச்சியின் வீட்டுக்காரர் அங்குராசு, எனக்கு மாப்பிள்ளை முறை. ஆட்டோவில் குழாய் கட்டி, "பெருமக்களுக்கு ஓர் அன்பான அறிவிப்பு" என்று ஊரைச் சுற்றுவார்களே, அந்தக் குரல் அவருடையது. துணிக்கடைத் திறப்பு, மாரியம்மன் திருவிழா, மாடு காணாமல் போனது, ஆள் இறந்து போனது, எல்லாவற்றையும் கம்பத்துக்குச் சொன்ன குரல். முன்னறைச் சுவரில் பழைய மெத்தைகளை ஆணி அடித்து மாட்டி, ஒரு மைக்கை வைத்து, கம்ப்யூட்டரில் அவரே பதிவு செய்துவிடுவார். சித்திரை மாதம் தொண்டையில் புற்று என்று மதுரையில் குரல்வளையையே எடுத்துவிட்டார்கள். கழுத்தில் இப்போது ஒரு சின்னத் துவாரம், அதன் வழியாகத்தான் மூச்சு. ஆள் நடமாடுகிறார், சாப்பிடுகிறார். பேச மட்டும் முடியாது. சிலேட்டில் எழுதிக் காட்டுகிறார்.

கோயம்புத்தூரில் ஒரு கல்லூரி ஆராய்ச்சிக்கூடத்தில், ஒருவர் முன்பு பேசிய பதிவுகளைக் கொடுத்தால், அவர் போனில் தட்டச்சு செய்வதை அவர் குரலிலேயே பேசவைத்துத் தருகிறார்களாம். ஆனால் சுத்தமான பேச்சாக இருக்க வேண்டும். ஆட்டோக்களில் இருப்பதெல்லாம் மேளமும் எதிரொலியும் கலந்தது, உதவாது. போனில் அவர் அனுப்பியதெல்லாம் "சரி", "வர்றேன்" என்று துண்டு துண்டு. இசை சேர்ப்பதற்கு முன் பதிந்த சுத்தக் குரல் அந்தப் பழைய கம்ப்யூட்டரில் மட்டுமே இருக்கிறது. பூஜை லீவு முடிந்து கல்லூரி திறக்கும்போது கையில் கொடுத்துவிட வேண்டும். அதற்காகத் தாரணி புது டிஸ்க் ஒன்று கூரியரில் அனுப்புகிறாள். பழைய பெட்டியில் இருப்பதைப் புதியதில் ஏற்ற வேண்டும். இவ்வளவுதான் வேலை.

ஒரு சாயங்காலத்து வேலை என்று சொல்லிவிட்டேன்.

செப்டம்பர் 10, புதன்

பேச்சி வீட்டுக்குப் புது டிஸ்க் வந்தது. சோப்புக்கட்டி அளவுதான் இருக்கிறது. சொருகினேன். நகல் எடுக்கச் சொன்னேன். திரையில் பச்சைக் கோடு ஓட ஆரம்பித்தது. நொடிக்கு ஒன்பது எம்பி என்று காட்டியது. அப்புறம் மூன்று. அப்புறம் ஒன்று. மீதி நேரம் நாற்பது நிமிடம் என்றது. டீ குடித்துவிட்டு வந்து பார்த்தால் பதினோரு நாள் என்கிறது. மறுபடி பார்த்தால் இரண்டு மணி நேரம் என்கிறது.

"என்னாண்ணே, முடிஞ்சுருமா?" என்றாள் பேச்சி.

"முடியாம? இது ஆரம்ப ஓட்டம். லாரி முதல் கியர்ல எப்பிடிப் போகும்?"

"லாரியும் பாத்துருக்கேன், ஒன்னையும் பாத்துருக்கேன்."

என் தங்கைக்குப் பேச்சி என்று பேர் வைத்தவர் யாரோ தெரியாது, அளந்துதான் பேசுவாள். அளந்ததில் பாதி என்னைக் குத்துவதற்கு.

மாப்பிள்ளை நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு என் பக்கத்தில் உட்கார்ந்தார். பெட்டியில் காதை வைத்துக் கேட்டார். சிலேட்டை எடுத்து, "டிக் டிக்னு ஒரு சத்தம். முன்ன இல்ல" என்று எழுதினார்.

"அது வேகம் ஏறுற சத்தம் மாப்ளே" என்றேன்.

அவர் மறுபடி காதை வைத்தார். ஒரு கையை உயர்த்தி, அந்தச் சத்தம் வரும்போதெல்லாம் விரலை மடக்கிக் காட்டினார். பெருமாள் கோயில் பஜனையில் தாளம் போடுவதுபோல இருந்தது. எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. கத்தாரில் ஏசிச் சத்தத்திலேயே இருந்து என் காது கொஞ்சம் மந்தம்.

செப்டம்பர் 11, வியாழன்

தூசிதான் காரணம். பெட்டியைத் திறந்து சைக்கிள் பம்ப்பால் ஊதினேன். ஒரு பல்லியின் எலும்புக்கூடு வந்தது. வயரைப் பிடுங்கி மாற்றிச் சொருகினேன். முன்பக்கத் துளையிலிருந்து எடுத்துப் பின்பக்கத் துளையில் புது டிஸ்க்கைப் போட்டேன். இருபது எம்பி!

தெருவில் போன பால்காரரைக் கூப்பிட்டே காட்டினேன். அவருக்கு ஒன்றும் புரியவில்லை, ஆனாலும் "பெரிய விஷயம்ணே" என்றார். அவர் சைக்கிளை எடுப்பதற்குள் நாலு எம்பிக்கு வந்துவிட்டது. அதை அவருக்குச் சொல்லவில்லை. வெளியாட்களுக்கு உள்விவகாரம் எதற்கு.

செப்டம்பர் 12, வெள்ளி

நேற்றெல்லாம் யோசித்துக் காரணத்தைக் கண்டுபிடித்துவிட்டேன். உள்ளே பைல்கள் தாறுமாறாகச் சிதறிக் கிடக்கின்றன. பேச்சியின் பரணில் பாத்திரம் கிடப்பதுபோல. அதையெல்லாம் எடுத்து வரிசையாக அடுக்கிவிட்டால் உள்ளே தட்டின் மேல் ஓடும் ஊசி குதிக்க வேண்டாம், வழுக்கிக்கொண்டு ஓடும். அடுக்குவதற்கென்றே உள்ளே ஒரு புரோக்ராம் இருக்கிறது. அதை ஓட விட்டேன்.

மாப்பிள்ளை எழுதினார்: "இப்ப அடுக்கணுமா? முதல்ல எடுத்துட்டு அப்பறம் அடுக்குவோமே."

"அவசரப்படக் கூடாது மாப்ளே. வீடு மாத்துறப்ப சாமானைக் கட்டித்தான வண்டில ஏத்துறோம்? அள்ளியா போடுவோம்?"

அவர் சிரித்தார். சிரித்தால் கழுத்துத் துவாரத்தில் காற்று உஸ்ஸென்று வருகிறது. அதற்குப் பயந்தே அவரைச் சிரிக்கவைப்பதைக் குறைத்திருந்தேன். இன்று தானாகச் சிரித்தார், என் தப்பு இல்லை.

செப்டம்பர் 14, ஞாயிறு

இன்னும் அடுக்கிக்கொண்டிருக்கிறது.

செப்டம்பர் 16, செவ்வாய்

இன்னும். இப்போது அந்த டிக் டிக் எனக்கே கேட்கிறது.

செப்டம்பர் 17, புதன்

அடுக்குவது பாதியில் நின்று, திரை உறைந்துவிட்டது. நிறுத்திவிட்டு மறுபடி போட்டேன். ரொம்ப நேரம் கறுப்பாகவே இருந்து, பிறகு வந்தது. நகல் வேகம் ஒரு எம்பிக்கும் கீழே. கேபி என்று ஒரு கணக்கு இருக்கிறது, எம்பியின் பேரப்பிள்ளை. அதில் காட்டுகிறது.

அந்த நேரம் பார்த்துத் தாரணி போன். ஸ்பீக்கரில் போடச் சொன்னாள். மாப்பிள்ளையும் பேச்சியும் பக்கத்திலேயே இருந்தார்கள்.

"மாமா, எப்பிடிப் போகுது?"

"நூறுல போகுதுத்தா."

"நூறா? அந்தப் பழைய மெஷின்லயா? நெசமாவா மாமா?"

"மாமன் கை வச்சுருக்கேன்ல. கத்தார்ல இதவிடக் கெழட்டு மெஷினெல்லாம் எந்திரிச்சு ஓடிருக்கு."

"அப்பா, கேட்டீங்களா? மாமா சரி பண்ணிட்டாரு!"

மாப்பிள்ளை போனுக்குப் பக்கத்தில் போய் இரண்டு தடவை கை தட்டினார். கேட்டது என்பதற்கு அதுதான் அவர் அடையாளம். அவர் முகத்தைப் பார்த்தபோது, நூறு என்று சொன்னது அப்படி ஒன்றும் பெரிய தப்பாக எனக்குத் தெரியவில்லை. நாளைக்கு நூறு ஆகிவிட்டால் அது உண்மைதானே.

செப்டம்பர் 19, வெள்ளி

நூறு ஆகவில்லை. ஆனால் முப்பது ஆனது! பொய்யில்லை, கண்ணால் பார்த்தேன்.

ரகசியம் இது. சின்னச் சின்னப் பைல்களாக எடுத்தால் வேகம் வராது. ஒவ்வொன்றுக்கும் நின்று நின்று போகிறது, டவுன் பஸ் மாதிரி. பெரிய பைலாக எடுத்தால் ஒரே ஓட்டம், மதுரைப் பாயிண்ட் டு பாயிண்ட். மாப்பிள்ளையின் கம்ப்யூட்டரில் "பின்னணி" என்று ஒரு பெட்டகம் இருக்கிறது. அறிவிப்புகளுக்குப் பின்னால் போடும் நாதஸ்வரம், மேளம், உறுமி, சாவுச் செய்திக்குப் புல்லாங்குழல், எல்லாம் மணிக்கணக்காக நீளமானவை. பிறகு "படம்" என்று இன்னொரு பெட்டகம். இரண்டையும் எடுக்க விட்டேன். எண் ஏறியது. வீட்டில் எல்லோரையும் கூப்பிட்டுக் காட்டினேன்.

"கொரலு ஏறிருச்சாண்ணே?" என்றாள் பேச்சி.

"குரல் கடைசில. அது சின்னச் சின்னதா ஆயிரக்கணக்குல கெடக்கு. அத மொதல்ல தொட்டா வேகம் விழுந்துரும். மெஷின் சூடு பிடிக்கட்டும்."

"நமக்கு வேணுங்கிறது கொரலுதானண்ணே?"

பெண்களுக்கு வேகம் என்றால் என்னவென்று விளக்குவது கடினம்.

செப்டம்பர் 22, திங்கள்

மேளமும் படமும் முழுசாக ஏறிவிட்டன. "குரல்" என்ற பெட்டகத்தைத் தொட்டேன். நொடிக்கு எண்பது கேபி. அப்புறம் பூஜ்யம். அப்புறம் முப்பது. டிக் டிக் என்பது மாறி, கதவில் யாரோ மோதிரத்தால் தட்டுவதுபோல டொக் டொக் என்கிறது.

வேறு சோலியாகப் போவதுபோல பஸ் ஸ்டாண்டு பக்கம் போனேன். அங்கே நஸ்ரின் என்ற பெண் கம்ப்யூட்டர் சர்வீஸ் கடை வைத்திருக்கிறது. ஆயுத பூஜைக்கு முன் தூசி தட்டிக் கொடுக்கச் சொல்லி ஊர் ஆபீஸ் மெஷின்களெல்லாம் அவள் கடையில் குவிந்து கிடந்தன. நடக்க இடமில்லை. என் போனில் பதிவு செய்துகொண்டு போயிருந்த சத்தத்தைப் போட்டுக் காட்டினேன். ஒரு நண்பருடைய மெஷின் என்று சொன்னேன்.

அவள் கையிலிருந்த பிரஷ்ஷைக் கீழே வைத்துவிட்டாள். "அண்ணே, இது சாகப் போற டிஸ்க்கு. யாருண்ணே இத இம்புட்டு நாள் ஓட்டுனது?"

"நண்பர்தான். கொஞ்சம் அடுக்கிப் பாத்தாராம்."

"அடுக்குனாரா! நல்லாப் பண்ணாரு போங்க. நெஞ்சுவலிக்காரனப் பிடிச்சு மலையேறச் சொன்ன கதை. உள்ள முக்கியமான சாமான் என்னண்ணே?"

"ஒருத்தர் குரல்."

"அத மட்டும் எடுங்க, வேற எதையும் தொடாதீங்க. இன்னொண்ணு, நல்லாக் கேட்டுக்கங்க. இப்ப ஓடுதுல்ல? ஓடட்டும். ஆஃப் பண்ணவே பண்ணாதீங்க. நின்னுச்சுன்னா திரும்ப எந்திரிக்காது. பூஜை முடிஞ்ச மறுநா நானே வீட்டுக்கு வந்து பாக்குறேன். அதுவரைக்கும் கரண்டு மட்டும் போகாமப் பாத்துக்கங்க. சரி, நண்பரு எந்த ஊரு?"

"நம்ம அங்குராசு வீடுதான்."

அவள் என்னை ஒரு நிமிஷம் பார்த்தாள். "மைக் செட்டு அங்குராசண்ணனா? எங்க அத்தா மவுத்தானப்போ சாவுச் செய்திய அவருதாண்ணே ஊருக்கெல்லாம் சொன்னாரு" என்றாள். அப்புறம், "நீங்க கத்தார்ல கம்ப்யூட்டர்லதான இருந்ததா சொல்வீங்க? அங்க என்னண்ணே பண்ணீங்க?"

கடையில் கூட்டமாக இருந்தது. கத்தார் வரலாற்றைச் சொல்ல அது இடமில்லை. வந்துவிட்டேன். கட்டடம் முழுவதும் தினமும் ஒரு துணியும் ஒரு பாட்டில் துடைக்கிற மருந்தும் கொண்டு நான் செய்தது லேசான வேலை அல்ல, அதை எழுதினால் இந்த டைரி போதாது.

செப்டம்பர் 23, செவ்வாய்

பக்கத்துத் தெரு ஜெராக்ஸ் கடையிலிருந்து கரண்டு போனாலும் ஓடவைக்கும் பேட்டரி வாங்கி வந்து, மேஜைக்கடியில் இருந்த பழைய யுபிஎஸ்ஸில் மெஷினை நிறுத்தாமலே மாட்டினேன். "எதுக்குண்ணே, நூறுல ஓடுதுல்ல?" என்றாள் பேச்சி. நூறில் ஓடுவதற்குத்தான் இது வேண்டும் என்றேன்.

குரல் ஏறுகிறது. மெதுவாக. ஒரு பைல் பத்து விநாடிப் பேச்சு. அது ஏற ஒரு வெற்றிலை போடும் நேரம். சில பைல்களில் வட்டம் சுற்றிக்கொண்டே நின்றுவிடுகிறது, தாண்டிப் போக வேண்டியிருக்கிறது.

செப்டம்பர் 26, வெள்ளி

இன்று ஒரு பைலைச் சோதனைக்காக ஓடவிட்டேன். ஸ்பீக்கர் போட்டிருந்தது எனக்கு ஞாபகம் இல்லை.

"பேச்சி, அந்தக் காத்தாடிய நிறுத்து. சத்தம் விழுகுது பாரு" என்றார் மாப்பிள்ளை. பெட்டிக்குள் இருந்து.

பதிவு ஆரம்பிக்கும் முன்னால் சொன்னது. வெட்டி எடுக்காமல் அப்படியே கிடந்திருக்கிறது. அடுப்படியிலிருந்து பேச்சி, "இந்தா, நிறுத்துறேன்" என்றபடி ஈரக்கையோடு ஓடி வந்து, சுவிட்சை அணைத்துவிட்டாள். அணைத்த பிறகுதான் நின்றாள். மாப்பிள்ளை நாற்காலியில் உட்கார்ந்து அவளைப் பார்த்துக்கொண்டிருந்தார். காத்தாடி தானாகச் சுற்றி நின்றது. யாரும் அதை மறுபடி போடவில்லை.

"இன்னொருக்கப் போடுண்ணே" என்றாள்.

போட்டேன். "பேச்சி, அந்தக்" என்று வந்து நின்றுவிட்டது. டொக் டொக். வட்டம் சுற்றியது. பிறகு அந்தப் பைலைத் திறக்க முடியாது என்று எழுதிக் காட்டியது.

"ஏறுனதும் கேட்டுக்கலாம்" என்றேன். "அங்க பளிச்சுனு இருக்கும்."

"எப்பண்ணே ஏறும்?"

"ரெண்டு நாள்ல. மொத்தமும்."

மாப்பிள்ளை சிலேட்டில் எழுதி அவளிடம் காட்டினார். என்னவென்று எட்டிப் பார்த்தேன். "முதல் வார்த்தை என்ன பேசட்டும்?" என்று எழுதியிருந்தார். பேச்சி வெட்கப்பட்டு அடுப்படிக்குப் போய்விட்டாள். ஐம்பது வயதுப் பெண்.

செப்டம்பர் 30, செவ்வாய்

குரல் பெட்டகத்தில் கொஞ்சம்தான் ஏறியிருக்கிறது. அதிலும் பாதி இருமலும் "ஹலோ ஹலோ மைக் டெஸ்டும்". தாரணி கேட்டது மணிக்கணக்கு. இருப்பது சில நிமிஷம்.

வீடு முழுவதும் பூஜை வேலை. பொரி, கடலை, வாழைக்கன்று, பூசணிக்காய் எல்லாம் வந்தாயிற்று. பேச்சி முன்னறையைக் கழுவிவிட்டாள். பெட்டியைச் சுற்றித் தண்ணீர் போகாமல் நான் காவல் நின்றேன். சாயங்காலம் மாப்பிள்ளை சந்தனக் கிண்ணத்தோடு வந்தார். மைக், அதன் கம்பி, ஹெட்போன், எல்லாவற்றையும் துடைத்து மேஜையில் வரிசையாக வைத்தார். பெட்டியைக் காட்டி, நாளைக் காலையில் நிறுத்திவிடலாம் என்று கையால் சொன்னார்.

நான் பேச்சியைத் தனியாகக் கூப்பிட்டேன். "இந்தக் காலத்து மெஷினெல்லாம் பூஜைக்கு நிறுத்தணும்னு இல்லத்தா. ஓடிக்கிட்டே இருக்குறப்ப பொட்டு வச்சாப் போதும்."

"அது எப்பிடிண்ணே? வருஷத்துல ஒருநா. எந்த வருஷமும் அவுக இத பூசையன்னைக்கி ஓட்டுனதில்ல. கடைக்காரக எம்புட்டுக் கெஞ்சுனாலும் மைக்கத் தொட மாட்டாக. இந்த வருஷம் கொரலே போயி உக்காந்துருக்காக. இப்பமாச்சும் ஒழுங்காக் கும்பிடட்டும்னு பாக்குறேன்."

"இல்லத்தா, அதுக்கில்ல..."

"நீதான ரிப்பேரு முடிஞ்சுருச்சு, நூறுல ஓடுதுன்ன? ஒருநா நின்னா என்ன கொறஞ்சா போகும்?"

சொல்லலாம் என்று வாயைத் திறந்தேன். மாப்பிள்ளை அங்கே பெட்டியின் முகத்தை வேட்டி நுனியால் துடைத்துக்கொண்டிருந்தார். சந்தனம் நல்ல வாசனை. "ஒண்ணும் கொறையாது" என்றேன்.

அக்டோபர் 1, புதன். ஆயுத பூஜை

மாப்பிள்ளை புது வேட்டி கட்டி, கழுத்துத் துவாரத்தின் மேல் சுத்தமான வெள்ளைத் துணி கட்டியிருந்தார். நல்ல நேரத்தில் அவரே பட்டனை அழுத்தி நிறுத்தினார். விசிறி சுற்றிச் சுற்றி ஓய்ந்தது. டொக் டொக் நின்றது. அந்தச் சத்தம் வீட்டில் அவ்வளவு நிறைந்திருந்தது என்று நின்ற பிறகுதான் தெரிந்தது. அவர் பெட்டிக்கு மூன்று விரலால் சந்தனம் பூசி, நடுவில் குங்குமம் வைத்து, மைக்குக்குச் சின்னதாக ஒரு பூ வைத்தார். சூடம் காட்டும்போது உதடுகள் அசைந்தன.

நான் பொரி சாப்பிடவில்லை.

அக்டோபர் 2, வியாழன். விஜயதசமி

போட்டோம். வரவில்லை.

அக்டோபர் 3, வெள்ளி

சொன்னபடி நஸ்ரின் வந்தாள். பையோடு, ஒரு வெள்ளி நிறப் பெட்டியோடு. செருப்பைக் கழற்றும்போதே சந்தனத்தைப் பார்த்துவிட்டாள்.

"ஆஃப் பண்ணீங்களாண்ணே?"

"கரண்டு போயிருச்சும்மா" என்றேன். மேஜைக்கடியில் பேட்டரி பச்சை விளக்கோடு இருந்தது. அவள் அதையும் பார்த்தாள்.

மாப்பிள்ளை சிலேட்டை எடுத்தார். "நான்தான் நிறுத்தினேன். பூஜைக்கு" என்று எழுதி அவளிடம் நீட்டினார்.

நஸ்ரின் அவரைப் பார்த்தாள், பேச்சியைப் பார்த்தாள், கடைசியில் என்னைப் பார்த்துவிட்டு மாப்பிள்ளையிடம் கேட்டாள். "ஏண்ணே, நிறுத்தக் கூடாதுன்னு இவரு ஒங்ககிட்டச் சொல்லலையா? நான் அன்னைக்கே கடையில படிச்சுப் படிச்சுச் சொன்னேனே?"

பேச்சி என் பக்கம் திரும்பினாள். நான் சுவரில் மாட்டியிருந்த மெத்தையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஆணி ஒன்று துருப்பிடித்திருந்தது, மாற்ற வேண்டும்.

பல்பம் கீச்சிடும் சத்தம் கேட்டது. மாப்பிள்ளை முன்பு எழுதியதைக் கையால் அழித்துவிட்டு எழுதினார். "சொன்னார். நான்தான் கேட்கல."

நஸ்ரின் டிஸ்க்கைக் கழற்றி அவள் பெட்டியில் மாட்டிப் பார்த்தாள். கையில் வைத்து மெதுவாகச் சுழற்றிப் பார்த்தாள். மதுரையில் டிஸ்க்கைப் பிரித்துப் பார்க்கும் ஆள் ஒருவர் இருப்பதாகவும், அவரிடம் அனுப்பிப் பார்ப்பதாகவும் சொன்னாள். நம்பிக்கை வைக்க வேண்டாம் என்றாள். பேச்சி டீ போட்டாள். நஸ்ரின் குடித்தாள். பேச்சி எனக்கும் போட்டாள், தம்ளரை என் பக்கத்தில் வைத்தாள், என் முகத்தைப் பார்க்கவில்லை.

டீயைக் குடித்துவிட்டு வந்துவிட்டேன்.

அக்டோபர் 4, சனி

டவுனில் ஒரு வேலை. தங்கை வீட்டுக்குப் போகவில்லை.

அக்டோபர் 5, ஞாயிறு

போகவில்லை. மழை. பெரிய மழை என்று எழுதலாம், தூறல்தான்.

அக்டோபர் 10, வெள்ளி

மதுரையிலிருந்து செய்தி. உள்ளே இருக்கும் தட்டு வட்டமாகக் கீறிவிட்டதாம். ரெக்கார்டு தட்டில் ஊசி விழுந்து உழுததுபோல. அவ்வளவு நாள் ஓடியபோது கொஞ்சம் கொஞ்சமாக உழுதிருக்கிறது, நின்று எழும்போது மொத்தமாக விழுந்துவிட்டது என்று அவர் சொன்னதாக நஸ்ரின் சொன்னாள். எடுக்க ஒன்றும் இல்லை.

புது டிஸ்க்கில் இருப்பதைத் தாரணி கேட்டாள். சொன்னேன். குரல் சில நிமிஷம் இருக்கிறது, அது போதாது. நாதஸ்வரம் இருக்கிறது. உறுமி இருக்கிறது. சாவுச் செய்திக்கான புல்லாங்குழல் மூன்று மணி நேரம் இருக்கிறது. அதன் மேல் யாரும் பேசவில்லை.

"மேளத்த ஏன் மாமா மொதல்ல எடுத்தீங்க?" என்றாள். கோபமாகக் கேட்கவில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள்.

அது வேகமாக ஏறியது என்றேன்.

அக்டோபர் 13, திங்கள்

தாரணி மறுபடி போன் செய்தாள். ஆராய்ச்சிக்கூடத்தில் இன்னொரு வழி சொன்னார்களாம். சொந்தக்குரல் இல்லையென்றால், அதே ஊர்ப் பேச்சு உள்ள நெருங்கிய உறவுக்காரர் ஒருவர் சில நாள் வாசித்துக் கொடுத்தால், அந்தக் குரலில் செய்து தருவார்களாம். ஸ்பீக்கரில் போட்டிருந்தது. எங்கள் குடும்பத்தில் பேச முடிந்த ஆண்பிள்ளை என்று இருப்பது நான் ஒருத்தன்.

"நான் தர்றேன்" என்றேன். "ஒரு மாசம் வேணாலும் வாசிக்கிறேன். என் குரலுக்குக் கத்தார்ல..." அதோடு நிறுத்திக்கொண்டேன்.

மாப்பிள்ளை சிலேட்டைப் பிடித்து நிதானமாக எழுதினார். எழுதும்போதே தோள் குலுங்கியது. அந்த உஸ் சத்தம் வந்தது. எழுதியதைப் பேச்சியிடம் கொடுத்து வாசிக்கச் சொன்னார். அவள் வாசித்தாள்:

"வேணாம். மச்சான் குரல்ல நான் தண்ணி தவிக்குதுன்னு சொன்னாக்கூட ஒருத்தனும் நம்ப மாட்டான்."

தாரணி போனுக்குள் சிரித்தாள். பேச்சியும் சிரித்துவிட்டாள், பூஜைக்குப் பிறகு முதல் தடவை. எல்லோரையும்விட நான்தான் அதிகமாகச் சிரித்தேன். கண்ணில் தண்ணீர் வரும் அளவுக்கு. வெளியே போய் முகம் கழுவிவிட்டு வந்தேன்.

அக்டோபர் 21, செவ்வாய்

தாரணி தீபாவளிக்கு வந்து, இன்று காலை பஸ்ஸில் திரும்பிப் போய்விட்டாள். போவதற்கு முன்னால் மாப்பிள்ளையின் போனில் ரெடிமேடாகக் கிடைக்கும் குரல் ஒன்றைப் போட்டுக் கொடுத்தாள். தட்டச்சு செய்தால் பேசும். ஆண் குரல்தான். எந்த ஊர் என்று சொல்ல முடியாது. செய்தி வாசிப்பவர் மாதிரி, ஒவ்வொரு எழுத்தையும் கழுவி வைத்ததுபோல.

மத்தியானம் நானும் மாப்பிள்ளையும் முன்னறையில் இருந்தோம். பேச்சி அடுப்படியில் இருந்தாள். அவர் போனை மடியில் வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டே இருந்தார். என்ன தட்டச்சு செய்கிறார் என்று நான் எட்டிப் பார்க்கவில்லை. அழித்தார், மறுபடி தட்டினார். பிறகு போனைக் கொஞ்சம் தூக்கிப் பிடித்துப் பட்டனை அழுத்தினார்.

"பேச்சி, இங்கே வா" என்றது போன்.

அடுப்படியில் பாத்திரச் சத்தம் நின்றது. அவர் நேராக நிமிர்ந்து உட்கார்ந்தார். தலைமுடியை ஒரு தரம் கையால் ஒதுக்கிக்கொண்டார். பேச்சி வாசல்நிலை வரை வந்தாள். எங்கள் இரண்டு பேரையும் பார்க்கவில்லை. முந்தானையை இழுத்து இரண்டு தோளையும் மூடிக்கொண்டு, தெருக்கதவின் பக்கம் எட்டிப் பார்த்து,

"யாருங்க?" என்றாள்.